அரை மணி நேர முடிச்சு

ஜூலை 18

இது போன வருஷத்து டைரி. லாரி பார்சல் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற அன்று மாலையோடு சேர்த்துக் கொடுத்தார்கள். தேதி சரியாக இருக்கும், கிழமைதான் உதைக்கும். கிழமை பார்த்துச் செய்யும்படி எனக்கு இப்போது எந்தக் காரியமும் இல்லை என்பதால் இதுவே போதும்.

எழுதச் சொன்னது என் மனைவி தையல்நாயகி. பெங்களூரில் மகள் தாரிணி வீட்டில் இருக்கிறாள். பேத்தி ஆதிரைக்கு ஐந்து மாதம் முடிந்து தாரிணிக்கு ஆபீஸ் திறந்துவிட்டது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போனவள், மூன்று மாதத்தில் திரும்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

நேற்று போனில் ஒரு வேகத்தில் சொல்லிவிட்டேன். "நீ தீபாவளிக்கு வர்றப்போ பாரு, நம்ம வீட்டு வாசல்ல காய்கறி வண்டியே நிக்காது. எல்லாம் மாடியிலயே விளையும்."

அவள் சிரித்த சிரிப்பில் குழந்தை எழுந்துவிட்டது.

"என்னிக்கு எதை ஊனினீங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க. இல்லன்னா ஊனின இடத்துலயே மறுபடி ஊனுவீங்க" என்றாள்.

ஆகவே எழுதுகிறேன். இன்றைக்கு ஒன்றும் ஊனவில்லை.

ஜூலை 20

காலி அரிசிப் பைகளைப் பாதிக்கு மடித்து, செம்மண், தொழுஉரம், தேங்காய் நார்த்தூள் கலந்து நிரப்பினேன். மண்ணை மாடிக்கு ஏற்றுவதற்குள் முட்டி இரண்டும் தனித்தனியாக ராஜினாமா கொடுத்தன.

வெண்டை, அவரை, கத்தரி, மிளகாய். நான் பத்தாவது வரை படித்தவன். அறிவியலில் முப்பத்தாறு மார்க். அதிலும் பாதி பக்கத்து பெஞ்சு தயவு. இந்தப் படிப்பை நம்பித்தான் நாலு வகை விதையும் மண்ணுக்குள் போயிருக்கின்றன.

அவரைக்குப் பந்தல் போட்டேன். இதில் மட்டும் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. திருச்சி கிட்டங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் மூட்டை கட்டியவன். சுருக்கின் மேல் சுருக்காக ஒரு முடிச்சு போடுவேன். பெங்களூரில் இறக்குகிறவர்கள் லேபிளைப் பார்க்காமலே இது திருச்சி மூட்டை என்பார்களாம். தையலுக்கு மட்டும் அது பிடிக்காது. போகும்போது அவள் பையைக் கட்டிக் கொடுத்தேன். போய் இறங்கியதும் போன். "வந்ததும் வராததுமா அருவாமனை கேட்டேன். சம்மந்தியம்மா மிரண்டுட்டாங்க."

ஜூலை 31

முளைத்துவிட்டன! மாடிக்கு நாலு தரம் போய்ப் பார்த்தேன். பிறந்த குழந்தையைக்கூட ஆஸ்பத்திரியில் அவ்வளவு தரம் பார்க்க விடவில்லை.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. தெருவே கட்டுச்சோற்றோடு காவிரிக்குப் போய்விட்டது. நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

ஆகஸ்ட் 15

மிளகாய்ப் பையில் ஒரு செடி மட்டும் மற்றதையெல்லாம் மிஞ்சி வளர்ந்தது. குச்சி நட்டு, கட்டு கட்டி, அதற்கு மட்டும் தொழுஉரம் கூட ஒரு கை போட்டு வளர்த்தேன். இன்றைக்கு வீடியோவில் பெருமையாகக் காட்டினேன்.

தையல் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். அப்புறம், "அது குப்பைமேனி" என்றாள்.

"நல்லா பாத்துச் சொல்லு."

"தெருவுல பாருங்க, சாக்கடை ஓரமா சோடி சோடியா நிக்கும். அதுக்குக் குச்சி வேற கட்டியிருக்கீங்களா?"

பின்னால் மாப்பிள்ளை கௌதமன் சிரிப்பது கேட்டது. தங்கமான பையன், வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தார்.

குப்பைமேனியைப் பிடுங்க மனசு வரவில்லை. அது என்ன தப்பு செய்தது?

ஆகஸ்ட் 24

கடையில் உரம் வாங்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன். சமையல் கழிவை ஓட்டைப் பக்கெட்டில் காய்ந்த சருகோடு மாற்றி மாற்றிப் போட்டு மட்க வைத்தால் போதுமாம். போட்டுப் பார்த்தேன். ஒரு வெங்காயத் தோல், அரை முருங்கைக்காய்ச் சக்கை, டீத்தூள். மூன்று வாரமாகியும் பக்கெட்டின் அடி தெரிகிறது. அரிசி கழுவிய தண்ணீரும் ஒரே ஒரு செடிக்குத்தான் வருகிறது. ஒரு ஆள் சமையலில் குப்பைகூடத் தேறாது என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பக்கத்து வீட்டு மும்தாஜம்மாவிடம் கேட்டேன். எங்கள் மாடிக்கும் அவர்கள் மாடிக்கும் நடுவே இடுப்பளவு சுவர்தான். அவர்கள் வீட்டில் ஏழு பேர்.

"என்னண்ணே, காசு பணம் கேட்டாலும் பரவாயில்ல, குப்பையையா கேப்பாங்க?" என்று சிரித்தார். ஆனால் சாயந்திரம் சுவர்மேல் ஒரு சட்டி நிறைய வந்துவிட்டது. பூசணித் தோல், வாழைப்பழத் தோல், புதினாத் தண்டு. பிரியாணி போட்டிருக்கிறார்கள். குப்பையே மணத்தது.

செப்டம்பர் 9

வெண்டை காய்த்துவிட்டது. விரல் நீளத்தில் ஐந்து காய்.

பறிக்கவில்லை. வருகிற வாரம் தையல் வருகிறாள். தாரிணியின் மாமியார் வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வார்களாம். செடியிலேயே பார்க்கட்டும். அப்படியே அவள் கையால் பறிக்கட்டும். கடைத்தெருவில் வாங்கிக் கட்டிவிட்டதாகச் சொல்லக்கூடியவள்.

செப்டம்பர் 15

குழந்தைக்குச் சளி. அடுத்த வாரம்தான் வருவாளாம்.

காய் நன்றாகப் பெருத்திருக்கிறது.

செப்டம்பர் 23

குழந்தைக்குச் சரியாகி, தாரிணிக்குக் காய்ச்சல். இப்போதைக்கு வர முடியாதாம். "ஒண்ணும் அவசரமில்ல, இங்க எல்லாம் நல்லாத்தான் போவுது" என்றேன்.

மாடியில் நின்றுகொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட வந்த மும்தாஜம்மா எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, என்ன இது ஆட்டுக்கொம்பு மாதிரி தொங்குது? பறிக்கலையா?"

"வீட்ல வந்து பறிக்கட்டும்னு விட்டேன்மா."

"நல்லா விட்டீங்க. காயை முத்த விட்டா, வேலை முடிஞ்சுதுன்னு செடி நின்னுடும்ணே. புதுசா பூ வைக்காது. பாருங்க, ஒரு பூவாவது இருக்கா?"

இல்லை. ஒன்றுகூட இல்லை.

முற்றலையெல்லாம் ஒடித்தேன். ஒடிய மறுத்தது. கத்தி கொண்டு வர வேண்டியதாயிற்று. ஒரு செடியில் மட்டும் இரண்டு காயை விதைக்கு விடச் சொன்னார். விட்டிருக்கிறேன். இனிமேல் யார் வந்தாலும் வராவிட்டாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிப்பது என்று முடிவு.

அக்டோபர் 4

செடி மன்னித்துவிட்டது. இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு கூடை வெண்டைக்காய். காலையில் பொரியல், மதியம் குழம்பு, ராத்திரி புளிப்பச்சடி. நாக்கில் நடந்து போனால் வழுக்கும். மும்தாஜம்மா வீட்டிலும் போதும் போதும் என்கிறார்கள். குப்பைக்குப் பதில் காய் என்று ஆரம்பித்த வியாபாரத்தில் இப்போது அவர்கள் குப்பையிலேயே என் காய் வந்து விழுகிறது.

பெங்களூருக்கு அனுப்பலாம் என்று தோன்றியது. எங்கள் கிட்டங்கியில் லாரி ஓட்டிய சூசை இப்போது பெங்களூர் பஸ் ஓட்டுகிறான். கோணிப்பையில் வெண்டை, பச்சை மிளகாய், நாலு கத்தரி. காற்றுப் போக வைக்கோல். வாயைச் சேர்த்து நம் முடிச்சு.

"அண்ணே, உள்ள தங்கமா இருக்கு? இந்தக் கட்டு கட்டியிருக்கீங்க" என்றான் சூசை.

அக்டோபர் 6

மாப்பிள்ளை விடியற்காலையிலேயே பைக்கில் போய் மூட்டையை வாங்கி வந்துவிட்டாராம். தையல் போன் செய்தாள்.

"வெண்டைக்காய் பரவாயில்ல. ஒடிச்சுப் பாத்தேன், ஒடியுது."

இதற்கு மேல் அவள் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை.

"முடிச்ச அவுக்கத்தான் அரை மணி நேரம் ஆச்சு" என்றாள்.

"அடுத்த தடவை லேசா கட்டிடறேன்."

"வேணாம் வேணாம். வழக்கம்போலவே கட்டுங்க. வழியில அவுந்துடப் போவுது."

முப்பது வருஷமாகத் திட்டிய முடிச்சுக்கு இன்றைக்குத்தான் அங்கீகாரம் கிடைத்திருக்கிறது. பென்ஷன் மாதிரி, தாமதமாக.

அக்டோபர் 11

மூட்டை அனுப்பினேன்.

அக்டோபர் 18

மூட்டை. கத்தரிக்காய் அதிகம்.

தீபாவளி

தையல் வரவில்லை. குழந்தைக்கு முதல் தீபாவளி, மாப்பிள்ளையின் அப்பா அம்மாவும் அங்கேதான். நியாயம்தான்.

"நீங்க வாங்கப்பா" என்று தாரிணி நாலைந்து தடவை கூப்பிட்டாள். செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை என்று சொல்லிவிட்டேன். வெளியே அப்போது மழை பெய்துகொண்டிருந்தது. நல்லவேளை, போனில் மழைச் சத்தம் கேட்காது.

நான் போகாததற்குக் காரணம் அந்த சோபா. இரண்டு ரூம் வீடு. ஒன்றில் மகளும் மாப்பிள்ளையும். இன்னொன்றில் குழந்தையும் தையலும், சம்மந்தி வந்தால் சம்மந்தியம்மாவும். சம்மந்தி சோபாவில். எனக்கு சோபாவுக்குப் பின்னால். போன தடவை காலையில் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டே எழுந்து நிற்கிறேன், எதிரே மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் மீட்டிங். பதினாறு பேர் என்னைப் பார்த்தார்கள். ஒரு வெள்ளைக்காரர் வணக்கம் வைத்தார். நானும் வைத்தேன். கைலி நழுவப் பார்த்தது.

இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் சொல்வேன்.

மும்தாஜம்மா வீட்டுப் பிள்ளைகளுக்கு மத்தாப்பு வாங்கிக் கொடுத்தேன்.

நவம்பர் 12

அவரை பூத்துவிட்டது. பந்தல் முழுக்க ஊதாப் பூ. தையலுக்கு உயிர் அவரைக்காய். கார்த்திகை தீபத்துக்குக் கட்டாயம் வருகிறேன் என்று அவளாகவே சொல்லியிருக்கிறாள். நான் கேட்கவில்லை.

கொடி நுனியில் அசுவினிப் பூச்சி. வேப்ப எண்ணெயில் சோப்புத் தண்ணீர் கலந்து அடித்தேன். பாதி என் மேல்தான் பட்டது. இன்று முழுக்க என்னைக் கொசு கடிக்கவில்லை.

நவம்பர் 19

மழை. மாடியில் பாசி. காலை வைத்தது தெரியும். அப்புறம் வானத்தைப் பார்த்தது தெரியும்.

நவம்பர் 20

இடது மணிக்கட்டில் முறிவு. மாவுக்கட்டு போட்டுவிட்டார்கள். மும்தாஜம்மாவின் மகன்தான் ஆட்டோவில் கூட்டிப் போனான். வலது கை நன்றாக இருக்கிறது, எழுதலாம், சாப்பிடலாம். மனுஷனுக்கு எதற்கு இரண்டு கை என்று கேட்டால் வேட்டி கட்ட என்று இப்போது சொல்வேன்.

மும்தாஜம்மா கஞ்சி கொண்டுவந்தார்.

"அண்ணிக்கு போன் போட்டுச் சொல்லிடவா?"

"வேணாம்மா."

"ஏண்ணே? சொன்னா நாளைக்கே வந்து நிப்பாங்க."

"அதுக்குத்தான் வேணாங்கிறேன்."

"அவங்க வரணும்னு மாடியில தோட்டமே போட்டுட்டு, இப்ப வர்ற நேரத்துல வேணாங்கிறீங்க."

"வர்றது வேற, வரவைக்கிறது வேறம்மா."

தலையில் அடித்துக்கொண்டு போனார். நான் தோட்டம் போட்டது அவள் வரவேண்டும் என்பதற்காக என்று இவரிடம் யார் சொன்னது? வண்டிக் காய்கறியில் மருந்து அதிகம், அதனால்தான் போட்டேன்.

நவம்பர் 25

கார்த்திகை தீபத்துக்கும் வர முடியாதாம். தாரிணிக்கு ஆபீசில் ஏதோ முக்கியமான வேலை. "அப்பா, அம்மா இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமாப்பா? நீங்க என்ன சொல்றீங்க?" என்று மகளே கேட்டாள்.

கையில் மாவுக்கட்டு. மடியில் போன். ஒரு வார்த்தை போதும்.

"பேஷா இருக்கட்டும்மா. எனக்கு இங்க தோட்ட வேலைக்கே நேரம் பத்தல" என்றேன்.

நவம்பர் 28

முதல் அவரைக்காய். ஒற்றைக் கையால் பறித்தேன். மூட்டை கட்டத்தான் முடியவில்லை. அந்த முடிச்சுக்கு ஒரு கை இழுக்க வேண்டும், ஒரு கை மடக்க வேண்டும். பல்லால் இழுத்துப் பார்த்தேன். இருக்கிற பல்லின் எண்ணிக்கையை நினைத்து விட்டுவிட்டேன்.

மும்தாஜம்மா கட்டிக் கொடுத்தார். பின்னலுக்கு ரிப்பன் கட்டுவது போல அழகான பூ முடிச்சு.

நவம்பர் 30

காலையில் போன்.

"மூட்டைய யாரு கட்டினது?" தையல்தான். அவரைக்காய் எப்படி என்று ஒரு வார்த்தை இல்லை.

"நான்தான். வேற யாரு?"

"இழுத்தேன், வந்துடுச்சு."

"வயசாகுதுல்ல. பிடி தளருது."

"வீடியோவுல வாங்க."

வந்தேன். முகத்தை மட்டும் காட்டினேன்.

"கையைக் காட்டுங்க."

வலது கையைக் காட்டினேன். ஆட்டிக்கூடக் காட்டினேன்.

"இன்னொண்ணு?"

"இங்கதான் இருக்கு. எங்க போயிடப் போவுது?"

"காட்டுங்கன்னா காட்டுங்க."

காட்டினேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. போனைக் கட்டிலில் போட்டுவிட்டாள் போலிருக்கிறது, கொஞ்ச நேரம் மின்விசிறிதான் தெரிந்தது. எங்கோ குழந்தை அழுதது. "தாரிணி, இவளைப் பிடி" என்ற குரல் மட்டும் கேட்டது.

டிசம்பர் 1

தையல் வந்துவிட்டாள்.

கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அடுப்படியைப் பார்த்தாள். திட்டு அடுப்படிக்குத்தான் விழுந்தது.

டிசம்பர் 2

அவரைக்காய்ப் பொரியல்.

டிசம்பர் 4

எழுத ஒன்றுமில்லை. பேச்சுதான் நாள் முழுக்க.

டிசம்பர் 7

மட்கும் பக்கெட் நிறைந்துவிட்டது. இரண்டு பேர் சமையல்.

குப்பைமேனியைப் பிடுங்கிப் போட்டுவிட்டாள்.

டிசம்பர் 10

நாளைக்குப் போகிறாள். சம்மந்தியம்மா ஊருக்குக் கிளம்ப வேண்டுமாம்.

சாயந்திரம் மாடியில் அவரை பறித்தோம். அவள் பறித்தாள், நான் கூடையைப் பிடித்தேன். பேச்சோடு பேச்சாகக் கேட்டேன், "முடிச்ச வச்சு எப்படிக் கண்டுபிடிச்சே? வேற யாராவது கட்டிக் குடுத்திருக்கலாமில்ல?"

"உங்க மூட்டைய நீங்க அடுத்தவங்க கைல குடுப்பீங்களாக்கும்."

கொஞ்ச நேரம் பறித்தாள். பிறகு முகத்தைக் கொடிப் பக்கமே வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அங்க எல்லாரும் நல்லவங்கதாங்க. ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா ஒரு நிமிஷம் சும்மா உக்காந்தா, ஏம்மா உடம்பு சரியில்லையாங்கிறா. சரின்னு எழுந்திரிச்சுடுவேன். மூட்டை வர்ற அன்னிக்கு மட்டும் பால்கனியில போய் உக்காந்துப்பேன். அம்மா முடிச்சு அவுக்கிறாங்கன்னு ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க. மாப்ள ஒரு தடவை கத்திரிக்கோலைக் கொண்டாந்து நீட்டினாரு. வேணாம் மாப்ள, நல்ல கயிறு, வீணாயிடும்னு சொல்லிட்டேன்."

கூடையை அவள் பக்கம் நகர்த்திப் பிடித்தேன்.

"அரை மணி நேரம்" என்றாள். "கொஞ்சம் இழுத்தா முக்கா மணி. அன்னிக்கும் அப்படித்தான் போய் உக்காந்தேன். ஒரு இழுப்பு. வந்துடுச்சு. கையில கயித்த வச்சுக்கிட்டு என்ன செய்யறதுன்னு தெரியல."

இத்தனை மாதத்தில் நான் கேட்காத கேள்வியை அப்போதுதான் கேட்டேன். "தையல், நீ எப்ப வருவே?"

"குழந்தை நடக்கணும். அப்புறம் எங்கயாவது பகல்ல பாத்துக்கிற இடத்துல விடலாம்னு சொல்றா. ஆடி ஆயிடுங்க."

"ஆடின்னா வெண்டை ஊனுற நேரம்."

"வந்து நானே ஊனுறேன். நீங்க குப்பைமேனிக்குக் குச்சி நடுங்க." சிரித்தாள். அப்புறம், "பொங்கலுக்கு நீங்கதான் ரெண்டு நாள் வாங்களேன்" என்றாள். "சோபாவுக்குப் பின்னாடி இன்னும் காலியாத்தான் இருக்கு."

பார்க்கலாம் என்றேன்.

டிசம்பர் 11

பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அவள் பையை அவளே கட்டிக்கொண்டாள். விதைக்கு விட்ட வெண்டையை உடைத்து, பாதி விதையைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போயிருக்கிறாள். பால்கனியில் ஒரு தொட்டி வைக்கப் போகிறாளாம். மீதி எனக்கு.

வந்து மாடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். அவள் அரிசி கழுவிய தண்ணீர் பக்கெட்டில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை அவரைக்கு ஊற்றினேன்.

ஜனவரி 3

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். கை ஒரு சுற்று இளைத்து, யாரோ ஒருவருடைய கை மாதிரி இருக்கிறது. விரலுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். என்ன வேலை செய்வீர்கள் என்று கேட்டார். மூட்டை கட்டுவேன் என்றேன்.

பகலில் அவரை பறித்தேன், இரண்டு கையாலும். கத்தரி, மிளகாய். பொங்கலுக்கு இரண்டு நாள் தண்ணீர் ஊற்றச் சொல்லி மும்தாஜம்மாவிடம் சொல்லிவைத்தேன். சட்டி நிறையக் குப்பையோடு "சந்தோஷமா போயிட்டு வாங்கண்ணே" என்றார்.

சாயந்திரம் கோணிப்பையில் வைக்கோல் வைத்து அடுக்கினேன். வாயைச் சேர்த்துப் பிடித்தேன். விரல் முதலில் மறந்தது, அப்புறம் அதுவாகவே ஓடியது. வழக்கமான முடிச்சைப் போட்டு முடித்தேன். தூக்கப் போனவன் மறுபடி கீழே வைத்துவிட்டு, அதன்மேல் இன்னொன்று போட்டேன். அதன்மேலும் ஒன்று. நுனியை உள்ளே செருகி, வெளியே தெரியாமல் மடக்கிவிட்டேன்.

சூசை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை அவுக்க ஒரு மணி நேரம் ஆகுமேண்ணே" என்றான்.

ஆகட்டும் என்றேன்.